பேஸ் கிட்டாருக்குத் தனியா ஒரு ஆள் எதுக்கு?

கேள்வி, 11 ஜனவரி 2024

என் தம்பிக்கு 20 வயசு. டிப்ளமோ முடிச்சுட்டு வேலை தேடிட்டிருக்கான். சர்ச்ல கிட்டார் வாசிப்பான். லால்குடிப் பக்கம் ஒரு ட்ரூப்ல பேஸ் (கனமான கீழ்ச் சுரம் மட்டும் வாசிக்கிற கிட்டார்) வாசிக்க ஆள் வேணும்னு கூப்பிட்டிருக்காங்க, ஆனா சொந்தமா கிட்டார் கொண்டு வரணுமாம். 18,000 ரூபாய் கேக்குறான். நான் பார்த்த கச்சேரியில எல்லாம் கீபோர்டுக்காரரே இடது கையால பேஸ் அடிச்சுடுறாரு. அப்புறம் தனியா ஒரு ஆள் எதுக்கு? அந்தச் சத்தம் யாருக்குக் கேக்குது? வாங்கித் தரலாமா, வேண்டாமா?

11 ஜனவரி, இரவு 11.20

வாங்கித் தராதீங்க.

2003-லேர்ந்து திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கம் லைட் மியூசிக் ட்ரூப்புகள்ல பேஸ் வாசிக்கிறவன் சொல்றேன். இப்ப மார்கழி. கல்யாணம் இல்ல, ரிசப்ஷன் இல்ல. டிசம்பர் 31 ராத்திரி ஒரு ஹோட்டல்ல வாசிச்சது, அப்புறம் பெட்டியைத் திறக்கவே இல்ல. "ரேட் ஜாஸ்தியா இருக்கே, ஆளைக் குறைச்சுக்குங்களேன்"னு பார்ட்டி சொன்னா லிஸ்ட்லேர்ந்து முதல்ல அடிக்கிற பேரு பேஸ்தான். பாடகரை எடுக்க முடியாது. தபேலாவை எடுத்தா பாட்டு நிக்காது. நீங்க கேட்ட அதே கேள்வியைத்தான் இருபது வருஷமா எல்லா பார்ட்டியும் கேக்குறாங்க.

12 ஜனவரி

நேத்து ஒரு ஆத்திரத்துல எழுதிட்டேன். கணக்கைச் சொல்லாம வேண்டாம்னு மட்டும் சொல்றது நியாயமில்ல.

முதல் கச்சேரிக்கு எனக்கு வந்தது 150 ரூபாயும் ராத்திரிச் சாப்பாடும். இப்ப கிராமத்துத் திருவிழான்னா 1,500, மண்டபம்னா 2,000. வருஷப் பிறப்பு ராத்திரிக்கு மட்டும் 4,000. எனக்கு நோட்டு போடுற பழக்கம் உண்டு. 2023-ல மொத்தம் 94 ராத்திரி, சம்பளக் கணக்கு 1,52,300. இதுல ஏழாயிரம் இன்னும் ஒரு ஊர்ல பாக்கி. பங்குனி, சித்திரை, வைகாசியில மூச்சு விட நேரமிருக்காது. ஆடியில கல்யாணம் கிடையாது, ஆனா மாரியம்மன் கோயில் கச்சேரி உண்டு, கூழ் ஊத்துற அன்னைக்கு ஊர் முழுக்க மைக் செட்டுதான். ஐப்பசி, கார்த்திகையில மழை. மேடை போட்டு தார்ப்பாய் கட்டி, கடைசியில "தேதியைத் தள்ளி வெச்சுக்கலாம் தம்பி"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அட்வான்ஸ் வாங்கினது ஓனர், போய் வந்த பெட்ரோல் நம்மது.

பகல்ல நான் மோட்டார் ரீவைண்டிங் பண்றேன். கிணத்து மோட்டார், கிரைண்டர், மிக்ஸி. அதுதான் வீட்டுக்கு அரிசி. உங்க தம்பிக்குக் கையில ஒரு தொழில் இருந்தா இதையும் வெச்சுக்கலாம். இதை மட்டும் நம்பி இறங்குறதா இருந்தா என் பதில் மாறல.

19 ஜனவரி

மாட்டுப் பொங்கலுக்கு மணப்பாறைப் பக்கம் வாசிச்சோம். திரும்பி வர்ற வேன்ல உங்க இடது கைக் கேள்வியை எங்க கீபோர்டு மாஸ்டர்கிட்டயே கேட்டேன். அவர் என்னைவிடச் சீனியர். "நான் இடது கையில பேஸ் அடிச்சா வலது கையில வயலின், புல்லாங்குழல், வீணை மூணையும் மாத்தி மாத்திப் பிடிக்கணும். அப்ப கார்டு, அதான் மூணு நாலு சுரத்தைச் சேர்த்து அமுக்குறது, அதைப் போட எனக்கு யாரு கை குடுப்பா?"ன்னார். ஒரு ஆள் வேலையை இடது கை செஞ்சுடும், உண்மைதான். ஆனா அந்தக் கை செய்ய வேண்டிய வேலை நின்னுடும்.

இன்னொன்னு. கீபோர்டுல ஒரு கட்டையை அமுக்கினா அந்தச் சுரம் பிறக்குது, விட்டா செத்துடுது. பேஸ்ல ஒரு சுரத்துலேர்ந்து அடுத்த சுரத்துக்கு விரலை இழுத்துட்டே போகலாம். பாதியில நிறுத்தலாம், உள்ளங்கையால அமுக்கி "டுப்"னு மட்டும் கேக்க வைக்கலாம். மிருதங்கத்துல தொப்பியை உள்ளங்கையால அமுக்கி அடிக்கிறது மாதிரி. நம்ம பாட்டுக்கு அந்த இழுப்பு வேணும்.

28 ஜனவரி

பேஸை யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டிருந்தீங்க. இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

எங்க வீடு பொன்மலையில. ரயில்வே ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்துலேர்ந்து இங்க வந்தப்ப கூடவே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் நிறைய வந்தது. ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் டான்ஸ் நடக்கும், அதுக்குன்னே பேண்டு வெச்சிருந்தாங்க. நான் வளர்றதுக்குள்ள பாதிப் பேர் ஆஸ்திரேலியா போயாச்சு. மிச்சம் இருந்தவர்கள்ல ஒருத்தர், ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், அந்த டான்ஸ் பேண்டுல பேஸ் வாசிச்சவர். நாங்க அங்கிள்னு கூப்பிடுவோம். நான் சர்ச்ல கிட்டார் வாசிக்கிறதைப் பார்த்துட்டு, "உனக்கு அவசரமே இல்ல, நீ பேஸுக்கு வா"ன்னார்.

முதல் மூணு மாசம் ரெண்டே சுரம். ச, ப. அவர் 'ரூட்', 'ஃபிஃப்த்'னு சொல்வார், எனக்கு ச, ப. வாசல் திண்ணையில உக்கார வெச்சு, கால் பெருவிரலைத் தரையில தட்டிட்டே வாசிக்கணும்பார். கால் நின்னா கையும் நிக்கணும். சுரத்தை எப்ப தொடங்குறதுங்கறதைவிட எப்ப முடிக்கிறதுங்கறதுக்குத்தான் அதிகம் திட்டு வாங்கினேன். "தட்டத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு, எடுக்கத் தெரிஞ்சவனைக் காட்டு"ம்பார். அப்புறம் வால்ட்ஸ். மூணு தட்டுல முதல் தட்டு மட்டும் உனக்கு, மத்த ரெண்டையும் அடுத்தவனுக்கு விட்டுடு.

அவர் சொன்னதுல இன்னைக்கும் நான் கைவிடாத பாடம் ஒண்ணு இருக்கு. டான்ஸ் ஹால்ல வாசிக்கிறப்ப முகத்தைப் பார்க்காதே, ஆடுறவங்க ஷூவைப் பாருன்னார். சிரிச்ச முகம் பொய் சொல்லும், ஷூ சொல்லாது. திருவிழாவுல ஷூ ஏது? முன் வரிசை மண்ணுல வெறுங்காலோட ஆடுற பிள்ளைங்க காலைத்தான் பார்க்கிறேன். அது என் தட்டுல விழுந்தா போதும்.

2008-ல மகள் வந்து அவரை பெர்த்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. போற அன்னைக்கு அவரோட பழைய பேஸை எனக்குக் குடுத்தார். பிக்கப், அதாவது தந்தியோட அதிர்வைப் பிடிக்கிற காயில், செத்திருந்தது. நாலு நாள் உக்காந்து நானே சுத்தினேன். தலைமுடியைவிட மெல்லிசான எனாமல் கம்பி, ஆயிரக்கணக்குல சுத்து. கிணத்து மோட்டார் சுத்துற கைக்கு அது ரொம்பச் சின்ன வேலை, ஆனா மூச்சை இழுத்து விட்டாலே கம்பி அறுந்துடும். ரெண்டு தடவை அறுந்தது. மூணாவது தடவை முடிச்சு, ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்) செருகி, A தந்தியைத் தட்டினப்ப அம்மா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்தாங்க. அலமாரியில தட்டு அதிர்ந்துச்சாம்.

2 மார்ச்

யாரோ "யூடியூப் பார்த்தே கத்துக்கலாமே"ன்னு எழுதியிருந்தாங்க. விரல் எங்க வைக்கணும்னு கத்துக்கலாம். விரலை எப்ப எடுக்கணும்னு பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து சொல்லணும்.

18 மார்ச்

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவிச்சாங்க, அன்னைக்கே நடத்தை விதிமுறை வந்தாச்சு. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19. அதாவது பங்குனி முழுசும் நடுவுல மாட்டிக்கிச்சு. கச்சேரிக்காரனுக்கு இது என்னன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு வேனைப் பறக்கும் படை நிறுத்தும். 50,000 ரூபாய்க்கு மேல ரொக்கம் இருந்து கணக்குக் காட்ட முடியலைன்னா எடுத்துடுவாங்க. ஊர்க்காரங்க கோயில் வரிப்பணத்தை, பத்து, இருபது, நூறு ரூபாய் நோட்டா, மஞ்சப் பையில கட்டிக் குடுக்கிறவங்க. அதுக்கு பில்லு எங்க போறது? எங்க ஓனர் இந்த வருஷம் எல்லாருக்கும் மேடையிலயே பிரிச்சுக் குடுத்துட்டார். பத்து வருஷத்துல முதல் தடவையா சம்பளம் அன்னைக்கே கைக்கு வந்தது.

நேரமும் சுருங்கிப் போச்சு. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல போகாம அரசு 12 மணி வரைக்கும் தளர்த்தலாம். முன்னெல்லாம் பத்தரைக்குத்தான் முதல் பாட்டே. இப்ப ஏழு மணிக்கு ஆரம்பிக்கணும். கரெக்டா பத்துக்கு முடிச்சுட்டா நான் பதினொண்ணரைக்கு வீட்டுல. உடம்புக்கு நல்லது. ஆனா ஊர்ல எல்லாரும் சாப்பிட்டு, மாட்டைக் கட்டிட்டு, பாயோட வந்து உக்கார்றப்ப நாங்க ஒயரைச் சுத்திட்டிருக்கோம்.

27 மார்ச்

பங்குனி உத்திரம் முடிஞ்சு இப்பத்தான் எழுதுறேன். அன்னைக்கு நடந்ததை ஒளிக்காம எழுதணும், ஏன்னா உங்க கேள்விக்கு நேர் பதில் அதுல இருக்கு.

என்கிட்ட இப்ப இருக்கிறது ஆக்டிவ் பேஸ். உள்ள 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு இருக்கும். அது இறங்க ஆரம்பிச்சா முதல்ல சத்தம் கரகரன்னு ஆகும், அப்புறம் மெலிஞ்சு நின்னே போகும். எட்டாவது பாட்டு, முதல் சரணம். கர்ர்னு வந்துச்சு. அடுத்த வரிக்குள்ள சுத்தமா செத்துப் போச்சு. பெட்டியில ஸ்பேர் இல்ல. விரல் ஓடிட்டே இருக்கு, சத்தம் இல்ல. கீபோர்டு மாஸ்டர் ஒரு பார்வை பார்த்தார், இடது கை கீழ இறங்குச்சு. பாட்டு தடங்காம போயிடுச்சு.

கூட்டத்துல ஒரு ஆள் திரும்பிப் பார்க்கல. கைதட்டல்ல குறைவில்ல. எனக்குப் பக்கத்துல இருந்த டோலக் அண்ணன் மட்டும் தலையைத் திருப்பி "என்னாச்சு?"ன்னு புருவத்தாலயே கேட்டார்.

இருபது வருஷமா வாசிக்கிறவன் இதை எழுதுறப்ப கை நடுங்குது. நீங்க சொன்னதுதான் சரி போல.

28 மார்ச்

பேட்டரி எப்படி இறங்குதுன்னு ஒருத்தர் கேட்டார். ஆக்டிவ் பேஸ்ல பெரும்பாலும் ஒயரைச் செருகினாலே ஸ்விட்ச் ஆன் ஆன மாதிரி. வாசிச்சாலும் வாசிக்கலைன்னாலும் கரண்ட் ஓடும். முந்தின கச்சேரி முடிஞ்சு ஒயரை உருவாம பெட்டிக்குள்ள வெச்சுட்டேன், ரெண்டு நாள் அப்படியே கிடந்திருக்கு. தம்பி வாங்கினா முதல்ல இதைச் சொல்லுங்க.

21 ஏப்ரல்

ஓட்டு போட்டாச்சு. ரெண்டு நாள் லீவு கிடைச்சது. 27-ஆம் தேதி எழுதினதைத் திருத்தணும்.

அந்த உத்திரத்து ராத்திரியை ஊர்ப் பையன் ஒருத்தன் போன்ல முழுசா எடுத்திருக்கான். மைக் செட் தம்பி மூலமா எனக்கு வந்துச்சு. பேஸ் நின்ன இடம் எங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். தாள வேகம் காட்டுற மெட்ரோனோம் ஆப்பை வெச்சு ஒவ்வொரு வரியா தட்டிப் பார்த்தேன். பாட்டு ஆரம்பிச்சப்ப நிமிஷத்துக்கு 96 தட்டு. நான் இருந்த வரைக்கும் 96, 97. பேஸ் நின்னதும் ரெண்டாவது சரணத்துக்குள்ள 100. முடியிறப்ப 104. பாடின அம்மா கடைசிப் பல்லவியில மூச்சு வாங்குறது நல்லாவே கேக்குது.

ரெக்கார்டிங்ல முன்னாடி ஆடுற பிள்ளைங்க காலும் தெரியுது. முதல் சரணம் வரைக்கும் கால் தட்டோட விழுது. அப்புறம் குதிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சந்தோஷமாத்தான் குதிக்கிறாங்க, யாரும் குறை சொல்லல. ஆனா ஆடுறது வேற, குதிக்கிறது வேற.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிடுறேன். கீபோர்டு மாஸ்டர் திடீர்னு ரெண்டு கையையும் பிரிச்ச பதட்டத்துல ஓட்டியிருக்கலாம். டோலக் அண்ணன் என்னைப் பார்த்துட்டு கவனம் சிதறியிருக்கலாம். ஒரு ராத்திரியை வெச்சுச் சட்டம் எழுத முடியாது. அதனால என்கிட்ட இருக்கிற ஆறேழு பழைய ரெக்கார்டிங்கையும் தட்டிப் பார்த்தேன், பேஸ் இல்லாம அவங்க போன கச்சேரியும் அதுல உண்டு. பேஸ் இல்லாததுல ஒண்ணு மட்டும் நேரா நின்னுச்சு. அது லேப்டாப்ல டிராக் (முன்னாடியே பதிஞ்சு வெச்ச இசை) ஓடவிட்டு வாசிச்சது.

யாருக்குக் கேக்குதுன்னு கேட்டீங்களே. டோலக் அண்ணனுக்குக் கேக்குது. அவர் கை அதைப் பிடிச்சுத்தான் நிக்குது. அவர் கையைப் பிடிச்சு மத்தவங்க எல்லாரும்.

9 மே

இதைத் தனியா எழுதுறேன், தம்பி வாங்கினாலும் வாங்காட்டியும் படிக்கணும்.

வயக்காட்டு மேடையில ஜெனரேட்டர் கரண்ட். எர்த் இருக்காது, இல்ல பேருக்கு ஒரு கம்பியைக் காஞ்ச மண்ணுல செருகியிருப்பாங்க. கிட்டார் தந்தி முழுக்க ஆம்ப் எர்த்தோட சேர்ந்தது. ஆம்ப் ஒரு லைன்ல, மைக் மிக்சர் வேற லைன்ல இருந்தா, தந்தியில கை இருக்கிறப்ப உதடு மைக்ல பட்டா போதும். 2011-ல கோரஸ் பாட மைக்கிட்ட போனேன். பல்லுல இடி விழுந்த மாதிரி இருந்துச்சு, கண்ணுல வெள்ளையா ஒரு வெளிச்சம். ஒரு வாரம் மேலுதடு மரத்துக் கிடந்தது. அன்னைக்கு மழை பெஞ்சு தரை ஈரமா இருந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இப்ப நான் முதல் ஆளா மேடைக்குப் போறேன். டெஸ்டரை எடுத்து மைக் வலையில தொட்டுப் பார்ப்பேன், ஆம்ப் பாடியில தொட்டுப் பார்ப்பேன். டெஸ்டர் எரிஞ்சா கம்பியை இன்னும் ஆழமா அடிச்சு, சுத்தி ஒரு குடம் உப்புத் தண்ணி ஊத்தச் சொல்வேன். ஆம்பும் மிக்சரும் ஒரே போர்டுலேர்ந்துதான் எடுக்கணும்னு சண்டை போடுவேன். இதுல நான் யாருக்கும் விட்டுக் குடுக்கிறதில்ல. "வந்துட்டாருய்யா எலக்ட்ரீஷியன்"னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும், பாடுற பொண்ணுங்க வீட்டுக்குப் போகணும்.

16 ஜூன்

வாங்குறதா முடிவு பண்ணிட்டீங்கன்னு படிச்சேன். நாலு தந்தியா அஞ்சு தந்தியான்னு கேட்டிருக்கீங்க.

நாலு தந்தி பேஸ்ல கடைசிச் சுரம் E, அதாவது சுருதிக் கணக்குல மூணு கட்டை, 41 ஹெர்ட்ஸ் கிட்ட. கச்சேரியில பாட்டு எந்தக் கட்டையில வரும்னு உங்க கையில இல்ல. பாடகருக்கு அன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கும், "அரைக் கட்டை இறக்கிக்க"ன்னு மேடையிலயே திரும்பிச் சொல்வார். மூணு கட்டைப் பாட்டு ரெண்டரைக்கு இறங்கினா உங்களுக்கு ஆதார ச கீழ கிடையாது. A தந்தியில ஆறாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல இருக்கிற குறுக்குக் கம்பி) ஏறி ஒரு ஸ்தாயி மேலதான் வாசிக்கணும். பாட்டுக்கு அடித்தளம் போன மாதிரி இருக்கும். அஞ்சு தந்தியில கீழ B இருக்கு, நாலாவது ஃப்ரெட்ல அந்தச் சுரம் கிடைச்சுடும். இதுக்காகத்தான் நான் அஞ்சுக்கு மாறினேன்.

ஆனா தம்பிக்கு முதல்ல நாலு தந்தியே வாங்குங்க. கழுத்து ஒல்லி, விலை கம்மி, வாசிக்காத தந்தியை அமுக்கி வைக்கிற வேலையும் குறைவு. பழசா வாங்கினா கழுத்தோட நீளத்துல கண்ணை வெச்சு, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி பாருங்க. முறுக்கு இருந்தா விட்டுடுங்க. லேசா வளைஞ்சிருந்தா பரவாயில்ல, உள்ள இருக்கிற கம்பியைத் திருகினா சரியாயிடும்.

வீட்டுல ராஜா சார் பாட்டுகளை ஹெட்போன்ல போட்டு, பேஸை மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்க. அதுல பல வருஷம் பேஸ் வாசிச்சவர் சசிதரன். பாட்டுக்குக் கீழ இன்னொரு பாட்டு ஓடும். பாடகர் மேல போறப்ப பேஸ் கீழ இறங்கி வரும். நாங்க கச்சேரியில அதுல பாதியைத்தான் கொண்டு வர்றோம். அதை எழுதின ராஜா சாரும் சினிமாவுக்கு முன்னாடி எஸ்.பி.பி.யோட மெல்லிசைக் குழுவுல கிட்டாரும் ஆர்மோனியமும் வாசிச்சவர்தான். எங்களை மாதிரி வேன்ல போய் வந்த கை.

20 ஜூலை

கொரோனா வந்தப்ப என்ன பண்ணீங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். 2020 பங்குனி பாதியில நின்னுச்சு, சித்திரை வைகாசி மொத்தமும் போச்சு. 2021-ல நாலு கச்சேரி ஆனதும் ஏப்ரல் 10-லேர்ந்து திருவிழாவுக்கு மறுபடி தடை. ஆம்பை வித்தேன். அஞ்சு தந்தியை அடகு வெச்சு மீட்டேன். அங்கிள் பேஸை மட்டும் யாரு கேட்டும் குடுக்கல. எங்க ட்ரூப்ல தும்பா டிரம் வாசிச்சவர் காய்கறி வண்டி போட்டார், இன்னும் அதுலதான் இருக்கார், திரும்பி வரல. அவர் இடம் காலியாவே இருக்கு, தட்டினா டிரம் சத்தம் வர்ற ரிதம் பேடு வெச்சு ஒப்பேத்துறோம்.

5 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு அன்னைக்கு உங்க தம்பியைப் பார்த்தேன். முசிறியிலேர்ந்து உள்ள ஒரு ஊர், ஆத்துல தண்ணி நல்லா போயிட்டிருந்தது. நீங்க வாங்கித் தந்த பழைய நாலு தந்தியைத் தோள்ல மாட்டிட்டு மேடைக்குப் பின்னாடி நின்னான். கழுத்து நேரா இருக்கு, நல்ல சாமான். தந்தி மட்டும் முந்தின ஆளோட வியர்வையில செத்துக் கிடந்தது, அடிச்சா மரம் மாதிரி சத்தம். புதுசு 2,000 ரூபாய் ஆகும்னு தயங்கினான். தந்தியைக் கழட்டி வளையமா சுத்தி, எவர்சில்வர் குண்டான்ல பத்து நிமிஷம் கொதிக்க வெச்சு, துணியால துடைச்சு, நல்லா காய வெச்சு மாட்டுன்னேன். ரெண்டு மூணு வாரம் ஓடும். உங்க அம்மா கேட்டா ரசம் வைக்கிற குண்டானை எடுக்கலைன்னு சொல்லச் சொல்லியிருக்கேன்.

மூணாவது பாட்டுக்கு என் ஒயரை உருவி அவன் கிட்டார்ல செருகினேன். எளிமையான பாட்டு, ச, ப, நடுவுல ஒரு ம. முதல் சரணத்துல வேகமா எடுத்தான். நான் பின்னாடி நின்னு அவன் முதுகுல ரெண்டு விரலால தட்டிட்டே இருந்தேன். ரெண்டாவது சரணத்துல விரலை எடுத்துட்டேன். டோலக் அண்ணன் திரும்பிப் பார்க்கல. தலையை ஆட்டிட்டு வாசிச்சுட்டே போனார்.

வர்ற 10-ஆம் தேதி சனிக்கிழமை எனக்குக் கடையில அவசர வேலை, ஒரு ரைஸ் மில் மோட்டார் வந்திருக்கு. ஓனர்கிட்ட சொல்லிட்டேன், அன்னைக்கு உங்க தம்பிதான். சாயங்காலம் 4 மணிக்கு லால்குடி ரவுண்டானா கிட்ட வேன் நிக்கும். சம்பளம் 1,000, சாப்பாடு உண்டு. டெஸ்டர் ஒண்ணு, உள்ளங்கை துடைக்க துண்டு ஒண்ணு எடுத்துட்டு வரட்டும். அவனோடது ஆக்டிவ் இல்ல, பேட்டரி தேவையில்ல.